ராகுகாலத்தில் வாங்கிய இருக்கை

ரொறன்ரோவில் எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடியில் ஒரு அக்கா இருந்தா. மட்டக்களப்புக்காரி. அவவின் வீட்டுச் சாமித் தட்டில் மாமாங்கப் பிள்ளையார் இருந்தார், முருகன் இருந்தார், லட்சுமி இருந்தா. லட்சுமிக்குப் பக்கத்தில், பேப்பரில் இருந்து வெட்டி மட்டையில் ஒட்டின படம் ஒன்றில், மினுங்குகிற நீளச் சட்டை போட்ட மூன்று கறுப்பினப் பெண்கள் ஒரு கையை இடுப்பிலும் மற்றக் கையை மேலேயும் வைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேரின் நெற்றியிலும் குங்குமம்.

பக்கத்து ஊரான பிக்கரிங்கில் புதுவீடு வாங்கிய சொந்தக்காரர் ஒருவர் ஒருநாள் வந்தவர், அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மூவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான், இது எந்தக் கோயில் என்று விசாரித்தார். கோயில் இல்லை, அவர்கள் இன்னும் வரவில்லை, பனி கரைந்த பிறகு வருகிறார்கள் என்று அக்கா சொன்னா. அவர் அதற்கும் ஒருமுறை கும்பிட்டார்.

வரப்போனது ஒரு பாட்டு நாடகம். கறுப்பின மக்களின் பழைய சோல் பாட்டுகளைக் கோத்து அமெரிக்காவில் செய்தது. ஊர் ஊராக ஆடிக்கொண்டு ரொறன்ரோவுக்கும் வருகிறது என்று அந்தப் படத்தோடு பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார்கள். எண்பத்தேழாம் ஆண்டு என்று நினைக்கிறேன். ஸ்காபரோவில் தமிழ்க் கடையைத் தேடிப் போகவேண்டிய காலம், மிளகாய்த்தூளுக்கு பஸ் மாறி பஸ் ஏறுவோம். அப்படியான காலத்தில் எங்கள் கட்டடத்துக்குள் சோல் பாட்டு எப்படிப் புகுந்தது என்று கேட்டால், இரண்டு வாசலால் புகுந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு வாசல், ஆறாம் மாடி அண்ணை. அவர் யாழ்ப்பாணம். நகரத்து நடுவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. கண்ணாடிக் கூட்டுக்குள் அவரும் ஒரு சின்ன ரேடியோவும்தான். அந்த ரேடியோவில் ஒழுங்காகப் பிடித்த ஒரே நிலையம் சோல் போடுகிற நிலையம். முதலில் வேறு வழியில்லாமல் கேட்டார், பிறகு வேறெதையும் கேட்க மாட்டேன் என்றார். சோல் என்றால் என்ன அண்ணை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றைக்கும் காவிக்கொண்டு திரிகிறேன். "கோயில்ல நிண்டு அழுதால் தேவாரம். குசினி அடுப்படியில நிண்டு அழுதால் சோல். அழுகிற ஆள் ஒண்டுதான், இடம்தான் வேற."

மற்ற வாசல், அக்காவின் சினேகிதி. நானும் அக்காவும் வேலை செய்தது கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பக்டரியில். நான் பெட்டி கட்டுகிற பக்கம், அக்கா மெஷின் பக்கம். அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் ஒரு ஜமெய்க்காக்காரி. எங்கள் எல்லோருக்கும் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவ, பெரிய மனுசி, சிரித்தால் மேசை குலுங்கும். நூல் கோக்கிறதில் இருந்து, ஃபோர்மன் ஏசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது வரை அக்காவுக்குப் பழக்கியது அவதான். அக்காவை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவா. இரண்டு மெஷினுக்கும் நடுவில் அவவின் கசெற் பெட்டி இருக்கும். நாள் முழுக்க அதில் சோல் பாட்டு ஓடும்.

ஓடும் என்று சொல்லலாம், கேட்கும் என்று சொல்ல முடியாது. மெஷின் ஓடாத நேரம் ஒரு வரி கேட்கும். பிறகு கடகடகடவென்று ஒரு நீளத் தையல். பிறகு அரை வரி, பிறகு கடகட. இப்படித்தான் அக்கா அத்தனை பாட்டையும் பாடமாக்கினா, ஓட்டையோடு. வீட்டில் கறி காய்ச்சும்போது அவ பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு வரி உருகி உருகிப் பாடுவா, அடுத்த வரி வரவேண்டிய இடத்தில் வாயாலேயே 'கடகடகட' என்பா, பிறகு விட்ட இடத்தில் இருந்து உருகுவா. அதில் கேலி ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சினேகிதிக்கு இது பெரிய சந்தோஷம். சாப்பாட்டு நேரத்தில் அக்காவைப் பாடச் சொல்லி, ஓட்டை வருகிற இடத்தில் தானும் சேர்ந்து 'கடகடகட' என்று மேசையில் தாளம் போடுவா.

கசெற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகக் கேட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். கொண்டுபோய்ப் பார்த்தாவாம். "அவள் பக்கத்தில இல்லாமக் கேட்டா வேற ஆரோ பாடுற மாதிரி இரிக்கி மனே" என்றா. பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாவாம்.

அந்தப் பனி மாரியில் சினேகிதி ஒரு முடிவெடுத்தா. ஊருக்கே திரும்பிப் போவதென்று. தன் முழங்கால் இந்த நாட்டோடு கோபித்துக்கொண்டு விட்டது, இனிச் சமாதானம் பேச ஏலாது என்பதுதான் அவ சொன்ன காரணம். பிளேனுக்குப் பதிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. நாடகம் அதற்கு முதல் வெள்ளிக்கிழமை. விளம்பரத்தைக் கண்ட அன்றே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். மெஷின் இல்லாமல், ஓட்டை இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒருமுறை கேட்பது. அதற்குப் பிறகு அவ அவ பாட்டில் போகலாம். அக்காவுக்கு அந்த வருஷம் வேறு ஆசை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

இதற்குள் கட்டடம் தயாராகத் தொடங்கிவிட்டது. அண்ணை, நல்ல கலைஞர்கள் வந்தால் வெறுங்கையோடு போகக் கூடாது, பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். அக்கா யோசித்துவிட்டு, மூன்று பேருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் மற்ற இருவரும் மனம் நோவார்கள் என்றா. மூன்று வாங்குவோம் என்றால், பின்னால் மேளம் அடிக்கிறவருக்கு என்ன போர்த்துவது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வியிலேயே பொன்னாடை நின்றுவிட்டது.

நாடகத்துக்கு ரிக்கெற்றை அரங்கத்து ஜன்னலில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுக்கத் தொடங்குவார்கள். பக்டரியில் அன்றைக்கு ஓவர்டைம். இரண்டு பேரையும் விட ஃபோர்மன் மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே சினேகிதி வேலைக்குப் போவது, அக்கா ரிக்கெற்றுக்குப் போவது என்று தீர்ந்தது. தன் காசைக் கைலேஞ்சித் துணியில் முடிந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் என்று இரண்டு விரலை ஒட்டிக் காட்டினா. இங்கிலீசு பேசுவதற்கு என்னையும் அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீசு யாரும் படிப்பித்ததில்லை. பஸ் தரிப்பில் நின்று பொறுக்கினதுதான். ஆனால் வாய் ஓயாது.

முதல் பஸ்ஸைப் பிடித்து, ரயில் மாறி, அரங்க வாசலுக்குப் போனபோது இன்னும் தெரு விளக்குகள் அணையவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அக்கா வரிசையில் முதலாவது, நான் இரண்டாவது. போத்தலில் தேத்தண்ணி, பையில் ரோல்ஸ். எங்களுக்குப் பின்னால் பெரிய ஊதாத் தொப்பி போட்ட ஒரு கறுப்பின அம்மா வந்து நின்றா. தேவாலயத்தில் பாடுகிறவ. அவவுக்குப் பின்னால் நெட்டையான ஒரு தபால்காரர். விடிய விடிய வரிசை வளர்ந்து மூலை திரும்பிப் போய்விட்டது.

ஜன்னல் திறக்கிற நேரம் கிட்டும்போதுதான் அக்கா என் காதில் சொன்னா, பத்தரை வரைக்கும் தான் வாங்கப் போவதில்லை என்று. சனிக்கிழமை ஒன்பதில் இருந்து பத்தரை ராகுகாலம்.

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அப்படியென்றால் ஏன் விடியாமல் வந்து நின்றோம் என்று கேட்டேன். வரிசையில் நிற்பதற்கு ராகு ஒன்றும் செய்யாது, காசு கொடுத்து வாங்குகிறதுதான் கூடாது என்றா. அவவுக்கு ராகுவோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. கொழும்பில் இருந்து வெளிக்கிட்டது ராகுகாலத்தில். வந்து இறங்கினது ஜனவரியில், காலில் செருப்போடு. சூட்கேஸ் பிரேசிலுக்குப் போய்விட்டது. அது திரும்பி வரவே இல்லை. ஒரு சூட்கேஸ் போனால் போகட்டும், இந்த ரிக்கெற் பிரேசிலுக்குப் போகக்கூடாது என்பது அவவின் நியாயம்.

பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்தவர் அக்காவைப் பார்த்து வாருங்கள் என்றார். அக்கா அழகாகச் சிரித்து, பின்னால் நின்ற தொப்பி அம்மாவைக் கை காட்டினா. தொப்பி அம்மா எங்களைப் பார்த்தா. நீங்கள் முதலாவது ஆள், ஏன் வாங்கவில்லை என்று கேட்டா. நான் விளக்கவேண்டியதாயிற்று. ஒரு பாம்பு இருக்கிறது, அது சூரியனை விழுங்குகிற பாம்பு, தலை மட்டும்தான், ஒவ்வொரு நாளும் அதற்கு ஒன்றரை மணித்தியால ஷிப்ட், இன்றைய ஷிப்ட் பத்தரைக்கு முடியும் என்று சொன்னேன். பக்டரி பாஷையில் சொன்னதால் அவவுக்கு உடனே விளங்கிவிட்டது.

அவ கொஞ்சம் யோசித்தா. தங்கள் பாதிரியாருக்கு இது பிடிக்காது என்றா. ஆனால் பாம்பு விஷயத்தில் தனக்கு ஒரு மரியாதை உண்டு, வேதப் புத்தகத்தில் தொடக்கத்திலேயே வந்துவிட்டதே என்றா. சொல்லிவிட்டுத் தானும் வாங்காமல் எங்களோடு ஒதுங்கி நின்றா.

இப்போது தபால்காரரின் முறை. அவர் பாம்புக் கதையைக் கேட்கவில்லை. அவர் கண்டது, விடியாமல் வந்து நிற்கிற மூன்று பேர் ஜன்னல் திறந்த பிறகும் வாங்காமல் பத்தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை. வாழ்க்கை கண்ட மனுசன். இவர்கள் ஒன்றும் விசர் இல்லை, பத்தரைக்கு ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டி அவரும் நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஏன் என்று கேட்க, பத்தரைக்கு நல்ல இருக்கைகள் வரும் என்று இவர் சொன்னார். அது வரிசை நீளத்துக்குப் போய், மூலை திரும்பினபோது விலை குறையும் என்றாகி, கடைசி ஆளிடம் சேர்ந்தபோது பாடகியே நேரில் வந்து ரிக்கெற் தரப்போகிறா என்று ஆகியிருந்தது. அந்தக் கடைசியில் இருந்து ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து, அவ எந்தப் பக்கத்தால் வருவா என்று என்னிடமே விசாரித்தார்.

திறந்த ஜன்னல். உள்ளே ரிக்கெற்றோடு ஒருவர். வெளியே தெரு நிறைய ஆட்கள். வாங்க ஒருவரும் இல்லை. ஜன்னல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், கதவில் 'மூடப்பட்டது' என்ற பலகை தவறித் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தார், பிறகு வெளியே வந்து வரிசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாருக்கோ போன் எடுத்தார். குதிரையில் வந்த பொலிஸ்காரர் ஒருவர் நின்று, எல்லாரும் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ரிக்கெற்றுக்கு என்றோம். ஜன்னல் திறந்திருக்கிறதே என்றார். ஓம் என்றோம். அதற்கு மேல் சட்டத்தில் கேட்க ஒன்றும் இல்லைப் போல, அவரும் நின்றார். குதிரை எங்கள் ரோல்ஸ் பையை மோந்து பார்த்தது.

பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, தனக்கும் ஒரு ரிக்கெற் வாங்க ஆறாம் மாடி அண்ணை வந்தார். காவல்காரச் சீருடை, கம்பளித் தொப்பி, ஆறுதலான நடை. தெரு நிறைந்த வரிசையைக் கண்டு அவர் கொஞ்சமும் பதறவில்லை. அக்கா கைலேஞ்சியை அவிழ்த்துக்கொண்டு ஜன்னலுக்கு ஒரு எட்டு வைத்தா. அண்ணை கையை நீட்டி மறித்தார்.

"தங்கச்சி, கோடை வருகுதெண்டு போன கிழமை நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள் எல்லே?"

"ஓம்."

"தள்ளினது கனடா அரசாங்கம். ராகுவுக்கு ஆர் அறிவிச்சது?"

அக்காவின் கை அப்படியே நின்றது. அண்ணை விளக்கினார். ராகு போவது சூரியனோடு, அரசாங்கத்தோடு இல்லை. கனடா பத்து என்கிற நேரம் சூரியனுக்கு ஒன்பது. ஆகவே ராகு வந்ததே ஜன்னல் திறந்தபோதுதான். போவது பதினொன்றரைக்கு. அவர் அந்தக் கணக்குப் போட்டுத்தான் ஆறுதலாக வந்தவர். அதாவது நாங்கள் இவ்வளவு நேரம் ராகு இல்லாத காலையில் பனியில் நின்றுவிட்டு, ராகு வந்து உட்கார்ந்த பிறகு அது போய்விட்டது என்று வாங்கப் போயிருக்கிறோம்.

பின்னால் வரிசை அசையத் தொடங்கியது. பத்தரை, பத்தரை என்று குரல்கள். தொப்பி அம்மா என்னைப் பார்த்தா. பாம்புக்கு ஓவர்டைம் கொடுத்துவிட்டார்கள் என்றேன். உங்கள் பாம்பு ஒரு முடிவுக்கு வரட்டும், எனக்குக் கால் வலிக்கிறது, நான் வாங்கப் போகிறேன் என்றா.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றால் ரிக்கெற் முடிந்துவிடும். சினேகிதி அங்கே இந்த நேரம் தைத்துக்கொண்டு, இரண்டு விரலை ஒட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பா. வாங்கினாலோ, பிரேசில். அக்கா அண்ணையைப் பார்த்தா. "அண்ணன், ராகு எனக்குத்தானே. அவளுக்கு ராகுவையே தெரியாதே."

அண்ணை இதைப் பஞ்சாயத்து மாதிரி எடுத்துக்கொண்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். சினேகிதியின் ரிக்கெற்றை இப்போதே வாங்கலாம், ஆனால் தமிழர் கை படக்கூடாது. தொப்பி அம்மாவிடம் காசைக் கொடுத்து, அவவின் ரிக்கெற்றோடு சேர்த்து அதையும் எடுக்கச் சொல்வது. "காசு அவளின்ர. கை இவவின்ர. நடுவில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ராகு எந்த வழியால வாறது?"

அப்படியென்றால் அக்காவின் காசையும் சேர்த்துக் கொடுத்து மூன்றாக எடுக்கலாமே என்று நான் கேட்டேன். அண்ணை என்னை ஒரு குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அக்காவின் காசில் அக்காவின் நட்சத்திரம் ஒட்டியிருக்குமாம். அதைக் கைமாற்றிக் கழுவ ஏலாதாம்.

தொப்பி அம்மா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கைலேஞ்சியை அப்படியே வாங்கி, தனக்கொன்றும் சினேகிதிக்கொன்றுமாக இரண்டு எடுத்து, ஒன்றை அக்காவின் கைப்பைக்குள் தானே போட்டுவிட்டு, எங்களுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லிவிட்டுப் போனா. அவவுக்குப் பின்னால் தபால்காரர், அவருக்குப் பின்னால் தெரு. பாடகி வரவில்லை, விலை குறையவில்லை, ஆனால் யாரும் கோபித்ததாகத் தெரியவில்லை. குதிரையும் போய்விட்டது. பதினொன்றரைக்கு, சூரியனின் கணக்கில் ராகு போன உடனே அக்கா ஜன்னலுக்குப் போய்த் தன் ரிக்கெற்றை வாங்கினா. அடுத்தது அண்ணை. அடுத்தது நான். எங்களுக்குப் பிறகு கொஞ்சம்தான் மிச்சம் இருந்ததாக ஜன்னல்காரர் சொன்னார். அண்ணை சட்டைப் பொக்கெற்றில் இருந்த பஞ்சாங்கத்தைத் தட்டிக்கொடுத்தார்.

ரயிலில் வரும்போது நான்தான் சும்மா ரிக்கெற்றுகளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் மூன்றிலும் ஒரே மாதிரி எழுத்து, அடுத்தடுத்த இலக்கம். சினேகிதியினதில் வேறு எழுத்து, வேறு இலக்கம். பிறகு மெல்ல மெல்ல எனக்கு விளங்கியது. ஊரில் நாங்கள் கண்ட தியேட்டரில் கலரி என்றால் கலரி, பல்கனி என்றால் பல்கனி. உள்ளே போனால் ஓடிப்போய் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதுதான். திருவிழாவில் பாய். கதிரைக்கு இலக்கம் போட்டு, அந்தக் கதிரையை முன்கூட்டியே விற்பார்கள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராகுவுக்குச் சொன்ன வழியெல்லாம் சரி. சினேகிதிக்கு மேடைக்குக் கிட்ட மூன்றாம் வரிசை. அக்காவுக்குக் கூரைக்குக் கிட்ட.

அக்கா நாலு ரிக்கெற்றையும் மடியில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தா. பிறகு கேட்டா, "இருட்டினாப் பிறகு எழும்பிப் போய் இருக்கேலாதா மனே?" டோர்ச்லைட்டோடு ஆள் நிற்கும் என்று அண்ணை சொன்னார்.

அடுத்த கிழமையே போய் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. பக்டரியில் அக்காவால் அதைச் சொல்ல ஏலவில்லை. நான் சொல்கிறேன் என்றாலும் விடவில்லை. சினேகிதியோ ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தா. தான் கொண்டுவரப்போகிற இஞ்சி இனிப்பை இரண்டு பேருக்கும் நடுவில் வைப்பது, அழுகை வந்தால் ஒரு லேஞ்சியைப் பாதி பாதியாகப் பாவிப்பது. சாமித் தட்டில் அந்த மூன்று பெண்களுக்கும் அக்கா குங்குமம் வைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அவர்களின் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவதை நிறுத்தியிருந்தா.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சினேகிதி பொன்னிறச் சட்டை, அதே நிறத்தில் சப்பாத்து. அக்கா கல்யாணச் சேலைக்கு மேலே பக்டரிக்குப் போடுகிற கோட். அண்ணை சீருடையை விட்டு வேட்டியில் வந்திருந்தார், கம்பளித் தொப்பியை மட்டும் விடவில்லை. வாசலில் நின்ற பிள்ளை ரிக்கெற்றுகளைப் பார்த்துச் சினேகிதியைக் கீழ் வாசலுக்கும் எங்களைப் படிக்கட்டுக்கும் கை காட்டினாள்.

அக்கா இதற்காக ஒரு இங்கிலீசு வசனம் பாடமாக்கி வைத்திருந்தா. நீ கீழே போ, எனக்கும் அதே பாட்டுத்தான் கேட்கும் என்பது அதன் கருத்து. சொல்லிவிட்டுச் சிரித்தா. சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை. சினேகிதி என் பக்கம் திரும்பினா.

படிக்கட்டில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு, ஷிப்ட், சூட்கேஸ், மணிக்கூடு, தொப்பி அம்மா, நட்சத்திரம் ஒட்டின காசு. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு மேலே போனார்கள். சொல்லி முடித்த பிறகும் சினேகிதி சிரிக்கவில்லை. நான் அவவைச் சிரிக்காமல் கண்டது அன்றைக்குத்தான்.

"நான் ஞாயிற்றுக்கிழமை போறன்" என்றா. "ஒரு பாம்புக்காக நான் கீழயும் இவ மேலயுமோ?" பிறகு கேட்டா, "அந்தப் பாம்பு இப்ப எங்க?"

நான் அண்ணையைக் கேட்டேன். இருட்டின பிறகு அதற்கு வேலை இல்லை என்றார்.

"அப்ப சரி" என்று சொல்லி, சினேகிதி தன் மூன்றாம் வரிசை ரிக்கெற்றை அண்ணையின் உள்ளங்கையில் வைத்தா. அக்காவுக்குப் பக்கத்து இலக்கம் அவரிடம்தானே இருந்தது.

அண்ணையின் முகத்தை நான் மறக்கமாட்டேன். கண்ணாடிக் கூட்டுக்குள் கரகரத்த ரேடியோவில் கேட்டதையெல்லாம் மூன்றாம் வரிசையில் இருந்து பார்க்கலாம். ஆனால் அது ராகு உச்சத்தில் இருந்தபோது வாங்கின ரிக்கெற். அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சுடுகிற பொருளைப் போலப் பார்த்தார். உள்ளே மணி அடித்தது.

"அண்ணன்" என்றா அக்கா, மெல்ல. "அதில ராகு ஏறேல்லை எண்டு நீங்கதானே தீர்ப்புச் சொன்னது."

"ஏறேல்லைத்தான் தங்கச்சி. இனி நான் போய் அதில இருந்தால் ஏறுமோ எண்டுதான்."

"எனக்குப் பக்கத்தில இரிக்க வேண்டியவள் இவள்."

இரண்டாம் மணியும் அடித்தது. அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், மனதுக்குள் ஒரு மணித்தியாலம் குறைத்தார், உதட்டை அசைத்து ஏதோ கூட்டினார். பிறகு நிமிர்ந்தார். "வாங்கினது ராகுகாலம். கை மாறினது நல்ல நேரம்." தன் ரிக்கெற்றைச் சினேகிதியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார்.

மேலே எங்கள் இடத்துக்கு முன்னால் ஒரு தூண். அக்கா, சினேகிதி, நான் என்று மூன்று பேரும் ஒரே பக்கம் சரிந்தால்தான் மேடை தெரியும். சரிந்தோம். கீழே எறும்பு அளவில் அண்ணை தெரிந்தார். கதிரையில் இருக்குமுன் சப்பாத்தைக் கழற்றி நடைபாதையில் ஒழுங்காக வைத்தார். டோர்ச்லைட் பிள்ளை வந்து சப்பாத்துக்கு வெளிச்சம் அடித்தாள். பக்கத்துக் கதிரையில் ஒரு பெரிய ஊதாத் தொப்பி திரும்பி அண்ணையைப் பார்த்தது. ஒரு கை மேலே வந்தது, மற்றக் கை விரலால் அதன் மணிக்கட்டைத் தட்டியது, இப்போது நேரம் எப்படி என்று கேட்பது போல. அண்ணை தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரை திறக்கவில்லை. இருட்டில் இசைக்காரர்கள் முதல் பாட்டின் மெட்டைத் தொடங்க, திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் முதல் வரியைப் பாடியது. பக்டரியில் நாள் தவறாமல் ஓடின பாட்டு. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் குனிந்தா. அடுத்தது ஓட்டை வருகிற இடம். இத்தனை வருஷமாக அதற்குள் என்ன இருந்தது என்று இப்போது தெரியப்போகிறது.

சரியாக அந்த இடத்தில் சினேகிதி, மெஷின் மிதிக்கிற காலால் பலகையைத் தட்டி, அக்காவின் காதுக்குள் "கடகடகட" என்றா.

அக்கா வெடித்தா. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தும் சிரிப்பு நிற்கவில்லை. சினேகிதி சிரிக்க எங்கள் வரிசைக் கதிரைகள் எல்லாம் குலுங்கின. முன்னால் இருந்தவர்கள் திரும்பி உஸ் என்றார்கள். சிரிப்பு அடங்கினபோது பாட்டு அந்த இடத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டது. இஞ்சி இனிப்புப் பை இருட்டில் கை மாறியது.

அந்த ஓட்டைக்குள் என்ன வரி இருந்தது என்று பிறகு ஒருமுறை அக்காவைக் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றா. எனக்கும் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.